எக்ஸ்போர்ட் போட்டால் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடிட் முடிந்து, கலர் முடிந்து, பாட்டெல்லாம் சரியாக உட்கார்ந்து, கடைசியில் எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தும்போதுதான் சில மெஷின்கள் தங்கள் வேலையைக் காட்டும். கல்யாண வீடியோ செய்கிறவர்களும் யூடியூப் சேனல் நடத்துகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் டெஸ்க்டாப்பை மனதில் வைத்து எழுதியது. பிரீமியர் ப்ரோவோ டாவின்சி ரிசால்வோ, எதில் வேலை செய்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

கேம் மணிக்கணக்கில் ஓடுகிறது. எக்ஸ்போர்ட்டில் மட்டும் ஏன் ஆஃப் ஆகிறது?

கேம் ஓடுவதை வைத்து மெஷின் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். கேமில் பாரம் முக்கியமாக கிராஃபிக்ஸ் கார்டு மேல்தான், சிபியுவில் சில கோர்கள் மட்டும் மும்முரமாக ஓடும், மற்றவை பாதி நேரம் சும்மா இருக்கும், மெனுவுக்குப் போனால் எல்லாமே இறங்கிவிடும். எக்ஸ்போர்ட்டில் அந்த ஓய்வே கிடையாது. கேமரா ஃபைலைப் பிரித்துப் படிக்க வேண்டும், லட் (நிறத்தை மாற்றும் அட்டவணை), நாய்ஸ் ரிடக்‌ஷன், ஸ்டெபிலைசேஷன் எல்லாம் ஃபிரேம் ஃபிரேமாகப் போட வேண்டும், திரும்ப என்கோட் செய்து டிஸ்க்கில் எழுத வேண்டும். சிபியு, கிராஃபிக்ஸ் கார்டு, ராம், டிஸ்க் நான்கும் ஒரே நேரத்தில், ஒரு மணி இரண்டு மணி நேரம் விடாமல் ஓடும். அதனால் கேமில் தெரியாத ஓட்டை எல்லாம் இங்கே தெரியும். அதிலும் ஒரு ஃபிரேம் கனமாகவும் அடுத்தது லேசாகவும் வரும்போது மின்சார இழுப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (பவர் சப்ளை) அதுதான் பெரிய சோதனை.

நாளைக் காலை டெலிவரி. காரணம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது எப்படியாவது ஃபைல் வெளியே வர வேண்டும்.

சரி, முதலில் இதை முடித்துவிடுவோம். முழு வீடியோவையும் ஒரே மூச்சில் எம்பி4 ஆக எடுக்கப் பார்க்காதீர்கள். எம்பி4 ஃபைலின் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். 97 சதவீதத்தில் கரண்ட் போனாலும் அதுவரை எழுதியது திறக்காது, அத்தனையும் வீண்.

பிரீமியரில் சீக்வென்ஸ் செட்டிங்ஸில் பிரிவ்யூ கோடெக்கை புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் (இரண்டும் எடிட்டிங்குக்கான, அளவில் பெரிய ஆனால் எளிதில் படிக்கக்கூடிய ஃபைல் வகைகள்) என்று மாற்றிவிட்டு, டைம்லைனைப் பத்துப் பத்து நிமிடமாக இன், அவுட் வைத்து ரெண்டர் செய்யுங்கள். நடுவில் மெஷின் படுத்தாலும் அதுவரை முடிந்த பிரிவ்யூ ஃபைல்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு துண்டு முடிந்ததும் புராஜெக்ட்டை சேவ் செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் அந்தப் பிரிவ்யூ எந்த இடத்துக்கு உரியது என்று பிரீமியருக்கே தெரியாமல் போகும். முழுக்க முடிந்ததும் எக்ஸ்போர்ட்டில் 'யூஸ் பிரிவ்யூஸ்' டிக் செய்தால் கனமான வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும், என்கோடிங் மட்டும்தான் பாக்கி. ரிசால்வில் இதே வேலையை ரெண்டர் கேஷ் செய்யும், டெலிவர் பக்கத்தில் 'யூஸ் ரெண்டர் கேஷ்டு இமேஜஸ்' என்று இருக்கும்.

டிஸ்க் இடத்தை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 4கே, 25 ஃபிரேம், புரோரெஸ் 422 என்றால் ஒரு மணி நேர வீடியோவுக்குச் சுமார் 220 ஜிபி போகும்.

அதற்கும் படுத்தால், மெஷினின் சுமையைக் குறைத்துப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் 70, 75 சதவீதத்துக்கு இறக்கலாம். விண்டோஸ் பவர் பிளானில் 'மேக்ஸிமம் புராசஸர் ஸ்டேட்' 99 என்று வைத்தால் பல மெஷின்களில் டர்போ (சிபியு தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்வது) நின்றுவிடும். பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) போய், ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆஃப் செய்யலாம். எக்ஸ்போர்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், ஆனால் விடிவதற்குள் முடிந்துவிடும். எது செய்ததும் முடிந்தது என்று குறித்து வையுங்கள், நாளைக்குக் காரணம் தேடும்போது பாதி வேலை அதிலேயே முடிந்திருக்கும்.

காரணத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மெஷின் எப்படி நின்றது என்பதிலிருந்து. இதைக் கேட்காமலேயே "ராம் போடுங்க", "கார்டு மாத்துங்க" என்று ஆலோசனை சொல்கிறவர்கள்தான் ஊரில் அதிகம்.

எடிட்டிங் சாஃப்ட்வேர் மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸ் நன்றாக இருக்கிறது என்றால், சந்தேகம் முதலில் டைம்லைன், பிளகின், டிரைவர், கிராஃபிக்ஸ் மெமரி இவற்றின் மேல். ஸ்டாப் கோடோடு (எரரின் பெயர்) ஒரு திரை வந்து ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸே எதையோ கண்டுபிடித்து நிறுத்தியிருக்கிறது, அந்தக் கோட் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-ல் 2025 அப்டேட்டுக்குப் பிறகு அந்தத் திரை நீலமாக இல்லாமல் கறுப்பாக வருகிறது, அதைப் பார்த்து மானிட்டர் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எந்தத் திரையும் இல்லாமல், சுவிட்சைப் பிடுங்கியது மாதிரி சட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், கரண்ட் பக்கம் பாருங்கள். மானிட்டர் மட்டும் கறுத்து, கார்டின் ஃபேன் அலறிக்கொண்டு, பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு தொடர்பு இழந்திருக்கிறது. கார்டின் பவர் கேபிளும் டிரைவரும் முதல் சந்தேகம். மவுஸ்கூட நகராமல் அப்படியே உறைந்து நின்றால் ராம், சிபியு, சில நேரம் எஸ்எஸ்டி.

திரை வந்த வேகத்தில் மறைகிறது என்றால், சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும், போனில் படம் பிடித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முறையும் 62 சதவீதத்திலேயே நிற்கிறது. இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

கண்டிப்பாக உண்டு, நல்ல செய்தியும்கூட. ஒரே இடத்தில் நின்றால் டைம்லைனில் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, இடம் மாறி மாறி நின்றால் ஹார்ட்வேர் பக்கம். விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் பத்தில் எட்டு முறை இந்தக் கணக்கு சரியாகவே வரும்.

ஒரு ரிசப்ஷன் வீடியோவில் பார்த்தது இது. முகூர்த்தம், ஊஞ்சல், சாப்பாட்டுப் பந்தி எல்லாம் தாண்டி, மேடை டான்ஸ் வரும் இடத்தில் ரிசால்வ் மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் மண்டப லைட்டை அணைத்துவிட்டு எல்இடி மட்டும் வைத்திருக்கிறார்கள், படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ். எடிட்டர் அந்தப் பகுதிக்கு மட்டும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, அதற்கு மேல் க்ளோவும் ஸ்லோமோஷனுக்கு ஆப்டிகல் ஃப்ளோவும் போட்டிருக்கிறார். டெம்போரல் என்றால் முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களையும் சேர்த்து மெமரியில் வைத்திருக்க வேண்டும். கார்டில் இருப்பதோ 6 ஜிபி. டாஸ்க் மேனேஜரில் 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' கோடு அந்தக் கிளிப் வந்ததும் ஒரேயடியாக மேலே போய்த் தட்டையாக நின்றது, இரண்டு விநாடியில் ரிசால்வ் காணாமல் போனது. அந்த நாலு கிளிப்பை மட்டும் நாய்ஸ் ரிடக்‌ஷனோடு தனியாக ரெண்டர் செய்து மேலே வைத்தார், வேலை முடிந்தது. புதுக் கார்டு வாங்கவில்லை.

பிரீமியரில் எரர் பெட்டி வந்தால் 'அரவுண்ட் டைம்கோட்' என்று ஒரு நேரம் போட்டிருக்கும், அங்கே போய் முன்னும் பின்னும் சில விநாடி பாருங்கள். ஒன்றும் கண்ணில் படவில்லையா, டைம்லைனைப் பாதியாகப் பிரித்து எக்ஸ்போர்ட் போடுங்கள், படுக்கிற பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நாலைந்து சுற்றில் கிளிப் கையில் கிடைத்துவிடும்.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பாக இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. பெயரில் பவர் என்று இருப்பதால் வரும் குழப்பம் இது. "ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி ஆன் ஆகியிருக்கிறேன்" என்று விண்டோஸ் சொல்வது மட்டும்தான் அந்த 41. நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் இதேதான் வரும். அதில் டீடெய்ல்ஸ் பகுதியில் 'பக்செக்கோட்' என்று ஒரு வரி இருக்கும். அது 0 என்றால் விண்டோஸுக்கு எதையும் பதிவு செய்யவே நேரம் கிடைக்கவில்லை, அதாவது கரண்ட் சட்டென்று போயிருக்கலாம் அல்லது மெஷின் முழுக்க உறைந்திருக்கலாம். வேறு எண் இருந்தால் அது ஸ்டாப் கோட், அதை வைத்துத் தேடலாம்.

41-ஐவிட முக்கியமானது அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகள். 'வியா லாகர்' என்ற பெயரில் 18-ம் எண் ஈவென்ட் இருந்தால் சிபியுவே எரர் கொடுத்திருக்கிறது. அதில் 'புராசஸர் ஏபிக் ஐடி' என்று ஒரு எண் வரும், ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால் ஒரு குறிப்பிட்ட கோர் மேல் சந்தேகம் வலுக்கிறது. 'டிஸ்ப்ளே 4101' என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. இந்தச் சிவப்பு வரிகளைப் படிக்கவே தலைசுற்றுகிறது என்றால், ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடினால் நாள்வாரியாகப் படம் போட்டுக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

எவ்வளவு சூடு வரை போகலாம்? என் சிபியு 95 காட்டுகிறது.

எந்த சிபியு என்பதைப் பொறுத்தது. ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்களை முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகிற மாதிரியேதான் ஏஎம்டி வடிவமைத்திருக்கிறது, இன்டெல்லின் 12, 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியுக்கள் பெரும்பாலானவற்றுக்கு வரம்பு 100. வரம்பைத் தொட்டதும் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே அணைந்துவிடாது. அதனால் "சூடாகி ஆஃப் ஆகுது" என்று எல்லோரும் சொல்வது பல நேரம் தவறான தீர்ப்பு. சிபியு சூட்டாலேயே முழுக்க அணைகிறது என்றால் கூலர் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், வாட்டர் கூலரின் பம்ப் நின்றிருக்கும், இல்லையென்றால் கூலருக்கு அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை எடுக்காமலேயே மாட்டியிருப்பார்கள். சிரிக்காதீர்கள், கடையில் அசெம்பிள் செய்து வந்த மெஷினிலும் இதைப் பார்க்கலாம்.

கிராஃபிக்ஸ் கார்டில் மேலே தெரியும் டிகிரியை மட்டும் பார்த்தால் போதாது. என்விடியா 3080, 3090 கார்டுகளில் சிப் 75 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மெமரி 110-ஐத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் 'மெமரி ஜங்ஷன்' என்ற வரியைப் பாருங்கள்.

அறைச் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதம் மதியம் ஏசி இல்லாத அறையில் போடும் எக்ஸ்போர்ட்டும் ராத்திரி இரண்டு மணிக்குப் போடும் எக்ஸ்போர்ட்டும் ஒன்றல்ல. மதியம் படுத்து ராத்திரி முடிந்தால் அதுவே ஒரு துப்பு. கேபினெட்டைத் திறந்து முன்பக்க ஃபில்டரைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் மெஷினுக்கு முன்னால் ஊதுபத்தியும் சாம்பிராணியும் காட்டுகிற ஸ்டுடியோக்களில், ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவே தூசியும் புகைப்பிசுக்கும் சேர்ந்து ஒரு படலமாகவே ஒட்டியிருக்கும், புளோயர் அடித்தாலும் போகாது, கழற்றி பிரஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சாமிக்குக் காட்டுங்கள், கேபினெட்டுக்கு வேண்டாம்.

எனக்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ். போதாதா?

கூட்டிப் பாருங்கள். இன்டெல் ஐ9 14900கே முழு டர்போவில் 253 வாட், ஆர்டிஎக்ஸ் 3080 என்றால் 320. இதுவே 573. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்தால் 650-ஐத் தொட்டுவிடும். இது சராசரிக் கணக்கு மட்டும்தான். பெரிய கார்டுகள் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குச் சொல்லப்பட்ட அளவைவிட வெகுவாக அதிகம் இழுக்கும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டதும் நம் வீட்டு லைட் ஒரு கணம் மங்குமே, அந்த மாதிரி. எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கவில்லையென்றால் அதன் பாதுகாப்பு சர்க்யூட் மொத்தத்தையும் அணைத்துவிடும். இதற்காகத்தான் 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில், புது வகைக் கார்டு கேபிளோடு வரும் எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரண்டு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்று வைத்தார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் '80 பிளஸ் கோல்டு' என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. நிறம் தங்கமாக இருப்பதாலேயே திடீர் இழுப்பைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர் பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் எஸ்எம்பிஎஸ் என்பது என் அழுத்தமான கருத்து, ஆனால் மெஷின் வாங்கும்போது பலர் முதலில் கை வைப்பதே அதில்தான்.

வாங்குவதற்கு முன் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்து, இரண்டுக்கும் ஒரே கேபிளின் இரட்டை வாலை மாட்டியிருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுத்து மாட்டுங்கள். பல மெஷின்களில் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: வேறு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளை எடுத்து மாட்டாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாடலுக்கு மாடலும் மாறும், தவறாக மாட்டினால் டிஸ்க்கோ மதர்போர்டோ எரிந்துவிடும்.

யுபிஎஸ் இருக்கிறது, அதனால் கரண்ட் பிரச்சினை இருக்காது இல்லையா?

யுபிஎஸ்ஸே பிரச்சினையாக இருக்கலாம். கடையில் 600 விஏ என்று கொடுப்பது வாட் கணக்கில் பெரும்பாலும் 360தான் தாங்கும். சாதாரண வேலையில் மெஷின் 200 வாட் எடுக்கும்போது நன்றாக இருக்கும், எக்ஸ்போர்ட்டில் 500-ஐத் தாண்டியதும் ஓவர்லோட் ஆகிக் கத்தும், அல்லது கத்தாமலேயே அணைக்கும். மானிட்டர் இரண்டையும் அதிலேயே மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் தெருவில் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில், யுபிஎஸ் பேட்டரிக்கு மாறி மாறி வருகிற அந்த 'டிக் டிக்' சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பேட்டரி பழையது என்றால் அந்த மாறும் கணத்தில்தான் மெஷின் போகும்.

சோதிக்க, ஒரு எக்ஸ்போர்ட்டை மட்டும் யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் போடுங்கள். முடிந்துவிட்டால் குற்றவாளி தெரிந்துவிட்டது. வீட்டு இன்வெர்ட்டரில் கனமான எக்ஸ்போர்ட் போடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இன்டெல் 13, 14-ம் தலைமுறையில் ஏதோ கோளாறு என்கிறார்களே?

உண்மைதான், 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. இந்த இரண்டு தலைமுறைகளில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள டெஸ்க்டாப் சிபியுக்கள் பல, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளடைவில் உள்ளுக்குள் தேய்ந்து, நிலை தடுமாற ஆரம்பித்தன. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் மைக்ரோகோட் (சிபியுவின் உள் புரோகிராம்) அப்டேட் வந்தது, 2025 மே மாதம் இன்னொன்று. மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புதிய பயாஸ் போட்டால் அது கூடவே வரும். ஆனால் அப்டேட் மேற்கொண்டு தேயாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, ஏற்கெனவே தேய்ந்ததைச் சரி செய்யாது. அதற்கு சிபியுவை மாற்றத்தான் வேண்டும். இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டி மொத்தம் ஐந்து ஆண்டாக்கியிருக்கிறது, அதனால் பில்லைத் தேடி எடுங்கள்.

அறிகுறி என்னவென்றால், எக்ஸ்போர்ட்டில் மட்டுமல்லாமல் ஜிப் ஃபைல் பிரிக்கும்போது எரர் வரும், என்விடியா டிரைவர் இன்ஸ்டால் பாதியில் நிற்கும், மெமரி நிறைய இருக்கும்போதே 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று கேம் சொல்லும். மூன்றில் இரண்டு இருந்தால் வேறு எதையும் நோண்டுவதற்கு முன் சிபியுவைக் கவனியுங்கள்.

ராம் 64 ஜிபி இருக்கிறது. அதில் என்ன பிரச்சினை வரப்போகிறது?

அளவு வேறு, நம்பகம் வேறு. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று பயாஸில் ஆன் செய்வது ஒருவகை ஓவர்கிளாக்தான் (அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் ஓட்டுவது), பெட்டியில் வேகம் 6000 என்று அச்சடித்திருந்தாலும் சரி. நாலு ஸ்டிக் போட்டால் இன்னும் சிக்கல். ரைசன் 7000-ல் இரண்டு டிடிஆர்5 ஸ்டிக்குக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது 5200, அதுவே நாலு ஸ்டிக் என்றால் 3600. ஆரம்பத்தில் இரண்டு போட்டு, வேலை கூடியதும் அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கிச் செருகி, 6000-லேயே ஓடவிட்டு, அதற்குப் பிறகு எக்ஸ்போர்ட் படுக்கிறது என்று வருகிறவர்கள் நிறைய. அந்த இரண்டைக் கழற்றி ஒருநாள் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மெம்டெஸ்ட்86 என்பதை பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் தோல்விதான், "ஒண்ணுதானே" என்று விடக் கூடாது. எரரே வராவிட்டாலும் ராம் சுத்தம் என்று நூறு சதவீதம் சொல்ல முடியாது, கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து சூடாகும்போது மட்டும் தடுமாறும் ராம் உண்டு.

இன்னொன்று, "64 ஜிபி இருக்கே" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பேஜ் ஃபைலை (ராம் நிரம்பினால் விண்டோஸ் பயன்படுத்தும் டிஸ்க் இடம்) ஆஃப் செய்திருந்தால் மறுபடி ஆன் செய்யுங்கள். பிரீமியரும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் சேர்ந்து திறந்திருக்கும்போது மெமரி எல்லை முட்டினால் விண்டோஸுக்கு ஒதுங்க இடம் வேண்டும். சிஸ்டமே அளவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஸ்டுடியோ டிரைவர் போட்டால் சரியாகிவிடுமா?

சில நேரம் ஆகும். என்விடியாவில் கேம் ரெடி, ஸ்டுடியோ என்று இரண்டு வகை இருக்கிறது, எடிட்டிங்குக்கு ஸ்டுடியோதான் நல்லது. ஆனால் பழைய டிரைவர் மேலேயே ஏற்றாமல், சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் சாஃப்ட்வேரை ஓட்டிப் பழையதைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். சமீபத்திய அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்சினை தொடங்கியது என்றால் பழைய பதிப்புக்கே திரும்புவதில் வெட்கம் இல்லை. கையில் டெலிவரி இருக்கும் வாரத்தில் டிரைவரையோ எடிட்டிங் சாஃப்ட்வேரையோ அப்டேட் செய்யாதீர்கள்.

கார்டு இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்துவிடும், இதற்கு டிடிஆர் என்று பெயர். ரெஜிஸ்ட்ரியில் அந்த இரண்டு விநாடியைக் கூட்டச் சொல்லி வீடியோக்கள் கிடைக்கும். ஒரு கனமான எஃபெக்ட் நிஜமாகவே கூடுதல் நேரம் எடுத்தால் அது உதவும், கார்டே தொங்கினால் நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான்.

கார்டுதான் காரணமா என்று உறுதி செய்ய, பிரீமியரில் புராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரரை 'சாஃப்ட்வேர் ஒன்லி' என்று மாற்றி, எக்ஸ்போர்ட்டில் என்கோடிங்கையும் ஹார்ட்வேரிலிருந்து சாஃப்ட்வேருக்கு மாற்றுங்கள். இரண்டும் வேறு வேறு. முதலாவது எஃபெக்ட் கணக்கு, இரண்டாவது கடைசி என்கோடிங், அதற்கு கார்டில் தனிச் சிப்பே இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "மாத்திப் பார்த்துட்டேன், அப்பவும் படுக்குது" என்று சொல்லாதீர்கள்.

கேமரா மாற்றியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. ஃபுட்டேஜும் காரணமா?

இருக்கலாம். புதுக் கேமராக்கள் எடுக்கும், நிறத் தகவல் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 ஹெச்.265 ஃபைலைப் படிக்க எல்லாக் கார்டாலும் முடியாது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலிருந்துதான் அதற்கு ஹார்ட்வேர் வசதி, இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸில் 11-ம் தலைமுறையிலிருந்தே இருக்கிறது. இல்லாத மெஷினில் மொத்தப் பாரமும் சிபியு தலையில். மூன்று கேமரா மல்டிகேம் என்றால் கேட்கவே வேண்டாம். எடிட்டுக்கு முன்பே புரோரெஸ்ஸுக்கோ டிஎன்எக்ஸ்ஹெச்ஆருக்கோ மாற்றிவிடுவதுதான் வழி. வெறும் பிராக்ஸி (எடிட்டுக்கான லேசான நகல்) எடிட் செய்ய மட்டும் உதவும், எக்ஸ்போர்ட்டில் மறுபடி ஒரிஜினல் ஃபைலுக்கே போகும்.

சொந்தக்காரர் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய கிளிப்பையும் மறந்துவிடாதீர்கள். போன் வீடியோவில் ஃபிரேம் ரேட் ஏறி இறங்கும். ஷட்டர் என்கோடரிலோ ஹேண்ட்பிரேக்கிலோ நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு டைம்லைனில் வையுங்கள்.

டிஸ்க்கால் எக்ஸ்போர்ட் நிற்குமா?

நிற்கும். சி டிரைவ் நிரம்பியிருந்தால் மீடியா கேஷுக்கு இடம் இல்லாமல் போகும். பென் டிரைவுக்கு நேராக எக்ஸ்போர்ட் போட்டு, அது ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபி வந்ததும் நின்றுவிடும். விலை குறைந்த எஸ்எஸ்டிகள் ஆரம்பத்தில் வேகமாக எழுதி, கேஷ் நிரம்பியதும் பழைய ஹார்டு டிஸ்க்கைவிட மெதுவாகிவிடும், ஹேங் ஆன மாதிரியே இருக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'காஷன்' என்று மஞ்சள் காட்டினால் எக்ஸ்போர்ட்டை விடுங்கள், முதலில் பேக்கப் எடுங்கள்.

லேப்டாப்பில் படுக்கிறது.

எந்த சார்ஜர்? 230 வாட் சார்ஜரோடு வந்த லேப்டாப்பை டைப் சி 65 வாட்டில் ஓட்டினால், பிளக்கில் இருக்கும்போதே பேட்டரி இறங்கி, தீர்ந்ததும் அணையும். பின்பக்கத்தை உயர்த்தி வையுங்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள். மூன்று நாலு வருடம் ஆகியிருந்தால் தெர்மல் பேஸ்ட் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

விண்டோஸை மறுபடி போட்டுவிடட்டுமா?

கடைசியாகச் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ் தடுமாறும் மெஷினில் ஃபார்மேட் அடித்தால், பிளகின் லைசென்ஸ் எல்லாம் மறுபடி போட ஒரு நாள் போகும், மறுநாள் அதே இடத்தில் நிற்பீர்கள். அதற்கு முன் மீடியா கேஷை அழித்து, பிளகின் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தி, புதுப் புராஜெக்ட்டில் பழைய சீக்வென்ஸை இம்போர்ட் செய்து பாருங்கள். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று. ராம், டிரைவர், கேபிள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி, சரியாகிவிட்டால் எது காரணம் என்றே தெரியாது, மறுபடி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் "எங்ககிட்ட நல்லாத்தான் ஓடுது" என்று திருப்பித் தருகிறார்கள். என்ன செய்வது?

அங்கே ஆன் செய்து, டெஸ்க்டாப் வருகிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் யூடியூப் ஓட்டியிருப்பார்கள். அவர்கள் கண்ணெதிரே படுக்க வைக்கிற மாதிரி ஒன்றைக் கையோடு கொண்டு போக வேண்டும். ஓசிசிடி என்ற சோதனை சாஃப்ட்வேரில் 'பவர்' என்ற டெஸ்ட் சிபியுவையும் கார்டையும் ஒரே நேரத்தில் முழுச் சுமைக்குக் கொண்டு போகும். வீட்டில் அதில் படுக்கிறது என்றால் அங்கேயும் அதையே ஓட்டச் சொல்லுங்கள். வீட்டில் அதுவும் நன்றாக ஓடி எக்ஸ்போர்ட் மட்டும் படுத்தால், அதே புராஜெக்ட்டை ஃபுட்டேஜோடு ஒரு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் போட்டு எடுத்துப் போங்கள். அங்கே வேறு யுபிஎஸ்ஸில், ஏசி அறையில் முடிந்துவிட்டால், மெஷினை விட்டுவிட்டு உங்கள் ஸ்டுடியோவின் பிளக்கையும் யுபிஎஸ்ஸையும் பாருங்கள்.

கூடவே ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் லாகிங் ஆன் செய்து ஒரு முறை படுக்க விடுங்கள். ஃபைலின் கடைசி சில வரிகள்தான் முக்கியம். சிபியு 78 டிகிரி, கார்டு 71, கார்டின் இழுப்பு 310 வாட், அடுத்த வரி இல்லவே இல்லை என்றால் சூடு காரணமில்லை என்று அந்த வரியே பேசும். வெப்பம் படிப்படியாக ஏறி வரம்பைத் தொட்டு, சிபியு வேகம் விழுந்து, அதற்குப் பிறகு நின்றிருந்தால் கூலரைப் பார்க்கச் சொல்லலாம். அந்த ஃபைலையும், ஸ்டாப் கோட் படத்தையும், எஸ்எம்பிஎஸ் முதல் கார்டு வரை எல்லாவற்றின் பில்லையும் போனில் வைத்துக்கொண்டு போங்கள். அசெம்பிள் செய்த மெஷினுக்கு ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி வாரண்டி, கடைக்காரர் மொத்தமாக ஒரே பில் போட்டிருந்தால் சீரியல் எண்களையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.